கர்ணத்தின் வர்க்கம்: திரையில் வரும் கணக்குப் பாடம் குறித்துச் சில கேள்விகள்

போன மாசம் ஒரு சாயங்காலம். மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்சில் இறங்கி, ஏரிப்பக்கமாக ஒரு மைல் நடந்தால் எங்கள் காலனி. அம்மன் கோயில் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற மாலைப்பள்ளி அது. பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி அவள் அண்ணனின் போனில் கணக்குப் பாடம் போட்டாள். புத்தகத்தில் அச்சடித்திருக்கிற கட்டம் கட்டமான குறியைப் போன் காமிராவுக்குக் காட்டினால் பாடம் வந்துவிடுகிறது. திரையில் ஒரு செங்கோண முக்கோணம் வந்தது. நல்ல நிறம், தெளிவான குரல். கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களுடைய கூடுதலுக்குச் சமம் என்றது அந்தக் குரல்.

பக்கத்தில் பறி பின்னிக்கொண்டிருந்த ஆயா தலையைத் தூக்கினார். "எந்தக் கர்ணம்டி? அந்தாளு வர்க்கம் எப்பிடிடி மத்தவங்களுக்குச் சமமாவும்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் கிராமக் கணக்குப்பிள்ளைக்குக் கர்ணம் என்று பேர். அப்பனுக்குப் பிறகு பிள்ளை என்று பரம்பரையாக வந்த வேலை. அடங்கல், சிட்டா எல்லாம் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. ஆயாவுக்கு அப்போதே கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். கர்ணம் என்ற சொல் அவருக்கு முக்கோணத்தின் நீண்ட பக்கம் இல்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டு எத்தனை சென்ட் என்று சொல்லாமல் போன ஒரு மனுஷன்.

இதே ஜில்லாவில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். அதன் பேரில் 1892ல் நமக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று நாம் மேடையில் சொல்கிறோமே, அதன் தொடக்கம் இங்கேதான். அந்த நிலம் எப்படிப் போனது? கத்தியைக் காட்டிப் பிடுங்கியது கொஞ்சம். கணக்கில் கரைந்தது நிறைய. கரைந்ததைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கணக்கு என்ற சொல்லின் கனம் நமக்கு வேறு. அது பரீட்சைக்கு மட்டும் உரியதில்லை.

அதனால்தான் தமிழ் எம்.ஏ. படித்த நான் கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். நாவலையும் கவிதையையும் பிரதியாக வாசிக்கிறோம். நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிற இந்தத் திரையையும் ஒரு பிரதியாக வாசித்தால் என்ன? திரை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. திரை நம் பிள்ளைகளுக்குக் கணக்கைக் காட்டுகிறது. கணக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறதா என்பதே என் கேள்வி.

1

வந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். 2017 செப்டம்பரில் மத்திய அரசின் தீக்ஷா தளம் வந்தது. 2018லும் 2019லும் தமிழ்நாட்டில் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது அவற்றில் கியூ.ஆர். குறி அச்சாகி வந்தது. கணக்குப் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று தனிப்பெட்டி போட்டு, ஜியோஜீப்ரா என்கிற மென்பொருளுக்கு வழி காட்டினார்கள். 2019 ஆகஸ்ட் 26ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023 ஜூலையில் மணற்கேணி செயலி வந்தது. பள்ளிக்கூடங்களில் ஸ்மார்ட் வகுப்பறையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் வந்தன.

இது சின்ன விஷயமில்லை. காசு கட்டி டியூஷன் படிக்கிற பிள்ளைக்கு மட்டுமே கிடைத்த ஒன்று, தமிழில், இலவசமாக, சேரிக்கும் வந்திருக்கிறது. இதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். எடுத்ததும் குறை சொல்வது விமர்சனம் ஆகாது.

ஜியோஜீப்ராவையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியா நாட்டில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 2001-02ல் உருவாக்கியது. திரையில் ஒரு முக்கோணம் இருக்கும். அதன் ஒரு முனையைப் பிடித்து விரலால் இழுக்கலாம். முக்கோணம் நீளும், சரியும், ஒடுங்கும். மூன்று கோணங்களின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டினால் மட்டும் எப்போதும் 180. எங்கள் பையன் ஒருத்தன் கால்மணி நேரம் இழுத்துப் பார்த்தான். "எப்பிடி இழுத்தாலும் நூத்தி எம்பதுதான்கா" என்றான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யார் இழுத்தாலும் மாறாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்த முகம் அது. ஊர்த்தெருப் பையன் இழுத்தாலும் 180, காலனிப் பையன் இழுத்தாலும் 180. விதியை வாத்தியார் சொல்லி மனப்பாடம் பண்ணினால் இந்த முகம் வராது.

2

எனக்கு அந்த முகம் வாய்க்கவில்லை. நான் படித்த பள்ளியின் பேர் வேண்டாம், வாத்தியார் பேரும் வேண்டாம். ஒன்பதாவது. கணக்கு சார் ஒவ்வொருத்தராகப் போர்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வார். முதல் பெஞ்சு, இரண்டாவது பெஞ்சு என்று வரும். எங்கள் பெஞ்சு வரும்போது பெல் அடித்துவிடும். ஒரு வருஷம் முழுக்க, எங்கள் பெஞ்சு வரும்போது பெல் அடித்தது. ஒரு நாள் நானே எழுந்து, "சார், இந்த ஸ்டெப் புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "உனக்கு எதுக்கு இது? எப்பிடியும் தமிழோ வரலாறோதானே எடுக்கப்போற, உக்காரு" என்றார். அதட்டவில்லை, அடிக்கவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் தமிழ் எம்.ஏ. ஆனதற்குத் தமிழ்மேல் இருந்த ஆசை ஒரு காரணம். அந்த உக்காரு இன்னொரு காரணம்.

பாபாசாகேப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்ததை அவர் வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடச் சொன்னார். வகுப்பில் ஒரே கூச்சல். சாதி இந்துப் பையன்கள் ஓடிப்போய்க் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்களை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். அவர் நிழல் பட்டால் தீட்டாம். அதன் பிறகுதான் அவரால் பலகையைத் தொட முடிந்தது. 1907ல் அவர் மெட்ரிக் தேறினார்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது பாத்திரத்தை. பலகைக்கு முன்னால் நடப்பது கணக்கு. பலகைக்குப் பின்னால் இருப்பது சாதி. முன்பக்கத்தை மட்டும் வாசிக்கிறவனுக்குக் கணக்கு ஒரு சுத்தமான, சாதியில்லாத அறிவு. பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் பாத்திரம் தெரியும்.

இப்போது பலகை போய்த் தொடுதிரை வந்திருக்கிறது. பேரே தொடுதிரை! தொடாதே என்று கேட்டு வளர்ந்த சனங்களின் பிள்ளைகளிடம் தொடு என்கிறது. ஒரு ஸ்டெப் புரியவில்லை என்றால் பின்னுக்குத் தள்ளிப் பத்துத் தடவை பார்க்கலாம். பத்தாவது தடவையும் அதே குரல், அதே பொறுமை. உக்காரு என்று அது சொல்லாது. அவமானம் இல்லாமல் திரும்பக் கேட்க முடிவது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று மேல்தட்டுக் கல்வியாளர்களுக்குத் தெரியாது. அந்த வகுப்பில் எனக்கு அது இருந்திருந்தால் நான் கணக்கை விட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆனால் எழுந்து நின்று கேட்ட என்னிடம் உக்காரு என்றார்கள். திரையிடம் எழுந்து நிற்கவே முடியாது. நம் பிள்ளை "இது ஏன் இப்படி?" என்றால் திரைக்குக் காது இல்லை. அது அடுத்த வரிக்குப் போய்விடும். அதட்டுகிற வாத்தியாரிடம் ஒரு நாள் சண்டையாவது போடலாம்.

கான் அகாடமி என்று உலகமெங்கும் புகழ்பெற்ற வீடியோப் பாடங்கள் இருக்கின்றன. அது எப்படித் தொடங்கியது? 2004ல் சல்மான் கான் என்பவர் அமெரிக்காவில் தன் உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குத் தொலைவிலிருந்தபடியே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு அலகு மாற்றுகிற கணக்கு வரவில்லை. அவள் கேட்டாள், அவர் சொன்னார். அது பலித்தது. அப்புறம்தான் வீடியோ, 2008ல் நிறுவனம். உலகம் முழுக்கப் பரவியது சல்மான் கானின் குரல். நாடியாவின் கேள்வி பரவவில்லை. நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்வதும் பதில் மட்டும்தான். கேள்வி கேட்கிற இடத்தில் நாடியா உட்கார்ந்திருந்தாள், நம் பிள்ளை பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறது.

3

பலகைக்குப் பின்னால் பாத்திரம் என்றேன். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

முதலில், போன் யாருடையது என்ற விஷயம். 2017-18ல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில் நூறு வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 வீட்டில். இணைய வசதி 14.9 வீட்டில். இரண்டு வருஷம் கழித்துக் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ல்தான் திறந்தது. பத்தொன்பது மாசத்துக்கு மேல். அந்தக் காலத்தில் பாடம் என்றால் டிவியும் போனும்தான். எங்கள் காலனியில் போன் இருந்த வீட்டிலும் அது அப்பாவுடையது. அவர் கம்பெனி வேலைக்கோ ஏரிக்கோ போனால் பாடமும் கூடவே போய்விடும். ராத்திரி வந்தால் அண்ணன் கைக்குப் போகும். கடைசியில் தங்கச்சி. அவள் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. நான் ஒன்பதாவதில் கேட்ட பெல் சத்தம் எனக்கு மறுபடியும் கேட்டது. அந்த மாசங்களில் ஆறாவது படித்த பையன் ஒருத்தன் இறால் பண்ணைக்கு வேலைக்குப் போனான். திரும்பிப் பள்ளிக்கு வரவில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களை அரசு தெருவுக்கு அனுப்பியதே, திரை மட்டும் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம்தான்.

அடுத்து, திரை யாருடையது என்ற விஷயம். ஜியோஜீப்ராவைப் புகழ்ந்தேன். அதே ஜியோஜீப்ராவை 2021 டிசம்பரில் பைஜூஸ் கம்பெனி விலைக்கு வாங்கியது. பத்துக் கோடி டாலர் அளவில் பேரம் என்று செய்தி வந்தது. அந்தப் பைஜூஸ்மேல் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. ஜியோஜீப்ரா இன்றும் ஓடுகிறது, லாபநோக்கில்லாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு இலவசமும்தான். ஆனால் அரசுப் பாடப்புத்தகத்தின் பக்கத்தில் அச்சாகியிருக்கிற ஒரு வழி, எங்கேயோ ஒரு கம்பெனியின் கடன் கணக்குப் பக்கமாகப் போய்வருகிறது. கரும்பலகை எவ்வளவு கேவலமாக நடத்தப்பட்டாலும் அது பள்ளிக்கூடத்தின் சொத்து. யாரும் அதை வாங்கி அடமானம் வைக்க முடியாது.

மணற்கேணி என்ற பெயரையும் யோசிக்கலாம். மணலைத் தோண்டத் தோண்ட நீர் ஊறும், படிக்கப் படிக்க அறிவு ஊறும் என்பது வள்ளுவர் சொன்ன உவமை. அழகான பெயர். எங்கள் கடற்கரையில் மணலில் ஊத்து தோண்டித் தண்ணி எடுத்தவர்கள் பெண்கள். எந்த ஊத்தில் யார் குடம் வைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. கேணி வெட்டிவிட்டோம் என்பதோடு வேலை முடியவில்லை. யார் குடம் நிரம்புகிறது என்று கரையில் நின்று பார்க்க வேண்டும்.

4

இனி பாடத்துக்குள்ளேயே போவோம். தமிழ் படித்தவள் கணக்குப் பாடத்தைச் சொல் சொல்லாகத்தான் வாசிப்பாள்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் என்று ஒரு பகுதி. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்கிறவர் கடலில் உள்ள கப்பலைப் பார்க்கிறார். இறக்கக்கோணம் இவ்வளவு, கப்பல் எவ்வளவு தூரத்தில்? வீடியோவிலும் இதே படம்தான், நீலக் கடல், வெள்ளைக் கோபுரம். பழவேற்காட்டில் லைட்அவுஸ் குப்பம் என்று ஒரு ஊரே இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கலங்கரை விளக்கத்தைக் கீழேயிருந்துதான் பார்த்து வளர்கிறார்கள். மேலே நின்று பார்க்கிற கண் இவர்களுடையது இல்லை. படகில் இருக்கிறவன்தான் இவர்களுடைய ஆள்.

கணக்கு இங்கே நமக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறது. மேலேயிருந்து கீழே பார்க்கிற இறக்கக்கோணமும், கீழேயிருந்து மேலே பார்க்கிற ஏற்றக்கோணமும் சமம். ஒன்றுவிட்ட கோணங்கள். அவன் உன்னைப் பார்க்கிற அதே அளவில் நீயும் அவனைப் பார்க்கலாம் என்று கணிதம் சொல்கிறது. நான் அந்தப் பாடத்தை நடத்தும்போது இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டு, படகிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொன்னேன். விடை மாறவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த விதம் மாறியது.

இன்னொரு பகுதி நிகழ்தகவு. அதில் வருகிற முதல் சொல்லே சமவாய்ப்புச் சோதனை. நாணயம் சுண்டுவது, பகடை உருட்டுவது. வரக்கூடிய எல்லா விளைவுகளையும் சேர்த்த கணத்துக்குக் கூறுவெளி என்று பேர்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த முறைக்கு வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நல்ல இடம், மோசமான இடம் எல்லாம் எல்லாருக்கும் மாறி மாறி வரும். அடிதடி இல்லாமல் ஏரியைப் பங்கிட்டுக்கொள்கிற அருமையான ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மண்ணின் கணிதம் பேசுகிறவர்கள் யாராவது நாளைக்கு இதை அனிமேஷன் பாடமாகச் செய்யலாம். செய்தால் நன்றாகவும் இருக்கும். சுழற்சி, வரிசைமாற்றம், நிகழ்தகவு எல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சீட்டில் பெயர் எழுத, பாடு உரிமையுள்ள குப்பத்தில் பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணியில் கையால் இறால் தடவுகிற இருளருக்குச் சீட்டு இல்லை. அதே ஏரியை நம்பிய தலித் மீனவனுக்கும் இல்லை. சீட்டுக்குள் இருக்கிற எல்லாருக்கும் சமவாய்ப்பு. கூறுவெளிக்குள் யாரைச் சேர்ப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்வதில்லை. அதற்கு முன்னாலேயே சாதி முடிவு செய்துவிடுகிறது. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் முன்னால் இன்று பட்டினவரும் நம்மைப் போலப் பாதிக்கப்பட்டவர்கள்தான், அவர்களோடு சேர்ந்துதான் போராட வேண்டும். சேர்ந்து போராடுவதற்காக இந்தக் கணக்கை மறைக்க முடியாது. பாடு முறையை அழகாகப் படம் காட்டுகிற பாடம், நிகழ்தகவு பூச்சியமாக இருக்கிறவர்களையும் காட்ட வேண்டும். ஒரு வீடியோவில் இதைச் சேர்க்கச் சொல்லி யாரிடம் போய்ச் சொல்வது? புத்தகத்தின் ஓரத்தில் பிள்ளை பென்சிலால் எழுதலாம். வீடியோவுக்கு ஓரம் இல்லை.

5

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் பாப் மோசஸ் என்று ஒருவர். கணக்கு வாத்தியார். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போய் அடிபட்டவர், சிறைக்குப் போனவர். அங்கே எழுதப் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்துத்தான் ஓட்டுரிமையை மறுத்தார்கள். பிறகு 1982ல் அல்ஜீப்ரா பிராஜெக்ட் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு எழுத்தறிவு இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை, இன்றைக்குக் கணித அறிவு இல்லாதவனுக்குப் பொருளாதாரத்தில் இடம் இல்லை, அதனால் இயற்கணிதம் ஒரு குடியுரிமைப் பிரச்சினை என்பது அவர் வாதம். 2021 ஜூலையில் இறந்துபோனார். நம் பத்திரிகைகளில் அவரைப் பற்றி யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை.

அவர் முறை எளிமையானது. பிள்ளைகளை ரயிலில் கூட்டிப்போவார். ஒரு நிலையத்தைச் சுழியாக வைத்து, இந்தப் பக்கம் மிகை, அந்தப் பக்கம் குறை என்று எண்களைக் கற்றுக்கொடுப்பார். நாங்களும் செய்து பார்த்தோம். கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயின். மீஞ்சூர் சுழி. அனுப்பம்பட்டு கூட்டல் 1, பொன்னேரி கூட்டல் 2. இந்தப் பக்கம் நந்தியம்பாக்கம் கழித்தல் 1, அத்திப்பட்டு கழித்தல் 2. ஏழாவது படிக்கிற பையன் கேட்டான்: "அக்கா, சுழியைப் பொன்னேரில வெச்சா மீஞ்சூர் மைனஸ் ரெண்டாயிடுமா?" ஆகும் என்றேன். "அப்ப மைனஸுன்னா மட்டம்னு இல்ல. எங்கேர்ந்து எண்ணறோம்ன்றதுதான்." இப்படி ஒரு வரியைச் சொல்லத் தயாராக இருக்கிற பிள்ளையை, பேசாமல் பார் என்று திரை முன்னால் உட்காரவைப்பது நியாயமா?

எங்கள் பக்கத்தில் கணக்குக்குப் பஞ்சமில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்க அதானி நிறுவனம் திட்டம் போட்டது. எத்தனை மடங்கு? பதினெட்டரை. ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கு இது. இந்தத் திட்டத்துக்காக 2021 ஜனவரியில் வைத்திருந்த பொது விசாரணை தள்ளிப்போனது. அதற்காகக் கொடுத்த அறிக்கையில் பக்கம் பக்கமாக எண்கள். பெரியவர்களுக்குப் படிக்க முடியவில்லை. கல்லூரி போன பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஹெக்டேரை ஏக்கராக மாற்றச் சொன்னோம். பாதிப் பேருக்கு வரவில்லை. எல்லாரும் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள்.

காட்டுப்பள்ளியில் மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் 2010ல் தொடங்கியது. தினமும் 23.7 கோடி லிட்டர் கடல்நீரை எடுத்து 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் என்று அன்றைக்குச் சொன்னார்கள். மீதி 13.7 கோடி லிட்டர். உப்பு முழுக்க இந்த மீதியில் தங்கிவிடும். அப்படியென்றால் திரும்பக் கடலில் விடுகிற தண்ணியில் உப்பு எத்தனை மடங்கு? 23.7ஐ 13.7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.73. எட்டாவது படிக்கிற பிள்ளை போட்டுவிடும். அந்தத் தண்ணி போகிற இடத்தில் மீனும் இறாலும் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்கும். பாடப்புத்தகத்துக் கணக்கு விடையோடு நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டிய கணக்கு விடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் பாடம் நல்லதா என்று பார்க்க நமக்கு நாமே ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை அதை நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறதா? தன் ஊர் எண்ணை அதற்குள் போட்டுப் பார்க்க முடிகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறதா? ஜியோஜீப்ரா முதல் இரண்டில் தேறும். வீடியோ இரண்டிலும் தோற்கும். மூன்றாவதில் எந்தத் திரையும் தேறாது. அதற்கு மனுஷன் வேண்டும். பாடங்களை இணையம் இல்லாமலே ஓடும்படி ஊருக்கு ஒரு கணினியில் போட்டுத் தரவும், தெருவுக்கு ஒரு படிப்பிடம் வைக்கவும், அதில் உட்காருகிற நம் பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கவும் அரசைக் கேட்க வேண்டும்.

6

டிஜிட்டல் என்றதும் பள்ளிக்கூடத்தை நினைக்கிறோம். எங்கள் கரைக்கு முதலில் வந்த டிஜிட்டல் திரை பள்ளிக்கூடத்தில் இல்லை. இறால் வியாபாரியின் எலக்ட்ரானிக் தராசில் இருந்தது. சிவப்பு எண். அது வந்தபோது எங்கள் அம்மா சந்தோஷப்பட்டார், இனிமேல் முள்ளை அமுக்கி ஏமாற்ற முடியாது என்று. முள்ளுத் தராசு போனது. ஏமாற்று போகவில்லை. எண் சரியாக இருந்தது, எண்ணுக்குப் பிறகு வருகிற கணக்கு அவர் கையில் இருந்தது.

போன வாரம் கர்ணத்தின் வர்க்கம் பார்த்த அதே பெண் அவள் அம்மாவோடு கரைக்குப் போயிருக்கிறாள். தராசில் 4 கிலோ 600. தண்ணிக் கழிவு கிலோவுக்கு நூறு கிராம் என்றார் வியாபாரி. கிலோ 350 ரூபாய். கையில் 1,400 கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவள் போனை எடுத்து அங்கேயே தட்டினாள். "கழிவு போவ 4 கிலோ 140ண்ணா. 1,449 வரணும். 49 ரூபா குடுங்க." பொட்டப்புள்ள கணக்குப் பேசுது என்று முணுமுணுத்துக்கொண்டே 40 ரூபாயை எடுத்து வைத்தாராம். "ஒம்போது ரூபா பாக்கி இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

திண்ணையில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆயா கைதட்டவில்லை. பறியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அது கெடக்கட்டும். கிலோவுக்கு நூறு கிராம் கழிவுன்னு எவன்டி சொன்னது?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நோட்டைத் திறந்து எழுதினாள்: 460 கிராம், 161 ரூபாய்.